எங்கே வலிக்கிறது என்று பலகையைக் கேட்டேன்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு அப்படியே கலைந்துபோனது. மாங்கூழ் ஃபேக்டரிக்கு லீவு. மகள் தேஜுவோடு திருப்பதி ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, அதனால் புத்தலப்பட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை அழுகை இல்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற ஸ்ரவந்தி, என்னைவிட ரொம்பச் சின்னப் பெண். பையிலிருந்து நான் எழுத்துப் பலகையை எடுத்ததுமே முகம் மாறிவிட்டது அவளுக்கு.

"அதி பாப்ப மாட காது அம்மா" என்றாள். குழந்தையின் பேச்சு இல்லையாம். நான்தான் நகர்த்துகிறேனாம்.

"நான் நகர்த்தல மேடம். ஏழுமலையான் மேல சத்தியம்."

"தெரிஞ்சு செய்யறீங்கன்னு நான் சொல்லல. உங்களுக்கே தெரியாம நடக்கும். ஒரே ஒரு வாட்டி செஞ்சு பாருங்க. நீங்க பாக்காத பொருள் ஒண்ண வேற யாராவது அவளுக்குக் காட்டட்டும். அப்புறமா பலகையில கேளுங்க."

பெரிய டாக்டரும் வந்தார். அவரும் அதையேதான் சொன்னார். இதை நம்பி மற்றப் பயிற்சியை விட்டுடாதீங்க என்று.

நான் எழுந்துவிட்டேன். "என் பொண்ணு பேசறா. உங்களுக்குப் புடிக்கலன்னா நாங்க வரல." குரல் நடுங்கவில்லை. அது போதும்.

பதினோரு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. பொங்கல் கழிந்து, இந்தப் பலகையைக் கற்றுத் தருகிற சித்தூர் ரமாதேவி மேடத்திடம் போனோம். பலகை என்பது பெரிய விஷயமில்லை. ஆங்கில எழுத்துகள் வெட்டிய பிளாஸ்டிக் தகடு. அவள் முகத்துக்கு நேராக நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்துவாள், சேர்த்துப் படித்தால் தமிழ். முதல் வாக்கியம், "அம்மா நான் மக்கு இல்ல." அதைப் படித்த பிறகு இந்த டாக்டர்கள் சொல்வதை எப்படிக் கேட்க?

இனி:
ஆஸ்பத்திரி இல்லை.
காலை, சாயந்திரம் பலகை. ஒரு நாளும் விடக்கூடாது.
மேடத்துக்கு போன்.
தேங்காய் எண்ணெய், சோப்பு, பென்சில்.

தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். வரதய்யபாளையத்தில் பத்தாவது வரை எனக்குத் தமிழ் மீடியம். மு.வுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். மு. என்றால் வீட்டுக்காரர், முனிரத்தினம். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். எழுதலாம், தப்பில்லை.

ஜூன் 18, புதன்

மாங்காய் லாரிகள் ரோட்டில் வரிசை. வீடு வரைக்கும் தோதாபுரி வாசனை.

ரமாதேவி மேடம் பேசினார். "அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க கௌரி. எனக்கும் சொன்னாங்க. நான் கேட்டிருந்தா என் பையன் இன்னிக்கும் ஊமையாத்தான் உக்காந்திருப்பான்." ஜூலை 6 ஞாயிறு, சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெற்றோர் கூட்டமாம். நானும் தேஜுவும் மேடையில் செய்து காட்ட வேண்டுமாம். சரி என்றேன். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. பரவாயில்லை, பேசுவேன்.

மு.வோடு சண்டை. ஆஸ்பத்திரியில் எதிர்த்துப் பேசியதற்கு. "நாளைக்கு ஒரு ஜொரம்னா எங்க போவ?" என்று கத்தினார். திருமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர், நாளெல்லாம் பக்தர்களிடம் பொறுமை. வீட்டுக்குக் கொண்டுவர மிச்சமில்லை.

சாயந்திரம் தேஜு என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம். கொஞ்சல்! இவள் இப்படிச் செய்ததே இல்லை. சோறு பாதிதான் தின்றாள்.

ஜூன் 21, சனி

பள்ளியிலிருந்து போன். "பாப்பா கன்னத்துல அடிச்சிக்கினே கீறாம்மா, வந்து கூட்டிக்கினு போங்க." போனால் வலது கன்னம் சிவந்து கிடக்கிறது. ஆயாம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வீட்டுக்கு வந்து பலகை. "ஏன்டா அடிச்சிக்கற?"

ஸ்கூல் வேண்டாம்.

தெளிவாக வந்தது. ஒரு எழுத்து தப்பவில்லை. ஹெச்.எம்.முக்கு உடனே போன் செய்து இனி அனுப்ப மாட்டேன் என்றேன். "அவளே எழுதிட்டா மேடம்." "சரிம்மா, உங்க இஷ்டம்" என்றார். அந்தச் 'சரிம்மா'வில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

வேலைக்குப் போகும் நேரத்துக்கு எதிர்வீட்டு மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொள்வாள்.

ஜூன் 22, ஞாயிறு

இதை மறக்கவே கூடாது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

மு. வீட்டில். தேஜு அடிப்பதை நிறுத்தவில்லை. அவர்தான் சொன்னார், "வலிக்குதான்னு கேளு." பலகையைப் பிடித்தேன். "எங்கனா வலிக்குதாம்மா?"

பென்சில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொன்றாக.

மனசு.

நான் வாய்விட்டுப் படித்தேன். மு. எழுந்து வெளியே குழாயடிக்குப் போனார். முகம் கழுவிக்கொண்டு வந்தும் கண் சிவப்பு. மறுபடியும் உட்கார்ந்தார். இங்கே அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது. "நைனா கிட்ட இன்னா சொல்லணும் தேஜு?"

நைனா கத்தாத.

"இனிமே கத்த மாட்டேன்டா. அம்மாவாண்ட கத்த மாட்டேன். சத்தியம்."

எந்த டாக்டர் இதைக் கண்டுபிடித்திருப்பான்?

ஜூன் 25, புதன்

இன்னும் அடித்துக்கொள்கிறாள். மோர் மட்டும் இறங்குகிறது. தட்டு இரண்டு முறை பறந்தது. முகத்தருகே கை போனால் கடிக்கிறாள், பல் தேய்க்கவே விடவில்லை. தூக்கமில்லை, அவளுக்கும் எனக்கும்.

பலகையில் கேட்டால் மறுபடி மனசு.

மேடம்: "இத்தனை வருசம் உள்ள பூட்டி வெச்ச துக்கம் வெளிய வருது கௌரி. வரட்டும். கூடவே இரு."

கூடவே இருக்கிறேன். ஃபேக்டரியில் அரை நாள். மு. கத்தவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார். அமைதியாக வருகிறார், அமைதியாகச் சாப்பிடுகிறார்.

விடக்கூடாது. இந்தக் கட்டம் தாண்டிவிட்டால் போதும்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கண் பாதி மூடிவிட்டது. உடம்பு நெருப்பு. மு. ஓனரிடம் கேட்டு ஜீப்போடு வந்தார், திருப்பதியில் பல் ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுத்துத்தான் வாயையே திறக்க முடிந்தது.

கடைவாய்ப் பல். அடியில் சீழ். பிடுங்கிவிட்டார்கள்.

பல் டாக்டர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு வாரத்துக்கு மேல வலிச்சிருக்குமே. பாப்பா எதுவும் சொல்லலியா?"

"சொன்னா சார்" என்றார் மு. "மனசு வலிக்குதுன்னு சொன்னா."

டாக்டர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஜீப்பில் தேஜு என் மடியில். வாயோரத்தில் பஞ்சு.

ஜூன் 28, சனி

தூங்குகிறாள். மத்தியானம் எழுந்து தயிர்சோறு தின்றாள், இரண்டாவது தடவையும் கேட்டுத் தட்டைத் தள்ளினாள். ஒரு அடிகூட இல்லை. கை மடியில் சும்மா கிடக்கிறது.

சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். ஆனால்.

18ஆம் தேதி என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மேலே எழுதியிருக்கிறேன், கொஞ்சல் என்று. ஆச்சரியக்குறி வேறு.

அவள் சொன்னாள். அன்றைக்கே, சரியான இடத்தில் என் கையை வைத்துச் சொன்னாள். நான்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பல். ஆங்கில எழுத்தில் pal, மூன்றே எழுத்து. மனசு எழுதத் தெரிந்தவளுக்கு அது எழுத வராதா?

இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று மேடம் சொல்வார். போன் வந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஃபேக்டரி. முழு ஷிப்ட். மழை, தகரக் கூரையில் ஒரே சத்தம்.

பெல்ட்டில் காய் வந்துகொண்டே இருக்கிறது, அழுகலைப் பொறுக்கிப் போடுவது என் வேலை. நான் ஒதுக்கிய ஒரு காயை சூப்பர்வைசர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஒன்றுமே தெரியவில்லை. கத்தியால் பிளந்தார், உள்ளே கறுப்பு. "எட்லா சூசாவம்மா?" எப்படிப் பார்த்தாய் என்றார்.

"நான் பாக்கல சார். கை போச்சு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கை போச்சு. நான் பார்க்கவில்லை, நினைக்கவில்லை, கை தானாகப் போனது.

பின்னாலிருந்து திட்டு. அழுகல் எல்லாம் நேராக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, பெல்ட்டை நிறுத்தினார்கள்.

செய்து பார்த்துவிட வேண்டும். ஸ்ரவந்தி சொன்னபடி. அவளுக்காக இல்லை.

ஜூலை 2, புதன்

மு.வுக்கு ஓய்வு நாள். காலையிலேயே சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்றார். "பல்லு சமாச்சாரம் அதுக்குத் தெரியாம போயிருக்கும். கொழந்த தான? எங்கூட பேசறா இல்ல, அது போதும்."

"எனக்குப் போதல. தெரிஞ்சிக்கணும்."

"தெரிஞ்சி?"

"அவளா நானான்னு தெரிஞ்சிக்கணும்."

அப்புறம் தேஜுவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நான் உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு. ஏதோ தின்னக் கொடுத்துக் கூட்டி வந்தார். வாயைத் துடைத்துவிட்டிருந்தார். "நைனா இன்னா குடுத்தாரு?" என்று பலகையைப் பிடித்தேன். அவர் வாங்கித் தருவது எப்போதும் பிஸ்கட்தான்.

பிஸ்கட்.

மு. தலையை ஆட்டினார். வெல்லமாம்.

மறுபடி போனார்கள். பைக் சத்தம் கேட்டது. "இன்னா பாத்த?" பைக். இல்லை. மல்லிகா வீட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தாராம். தேஜு தாவணி மாதிரி அதைத் தோளில் போட்டுக்கொண்டாளாம். பைக் எடுத்தது வேறு யாரோ.

"போதும் கௌரி."

"இன்னொரு வாட்டி."

இந்த முறை உள்ளே வந்ததும் என் காதில் மெதுவாகச் சொன்னார், "பூனைய காட்டினேன். தெரிஞ்சிக்கினே கேளு, சரியா வருதா பாப்போம்." எனக்கு நிம்மதி. தெரிந்தால் கை குழம்பாது. பலகையைப் பிடித்தேன். தேஜு என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே குத்தினாள். ஒவ்வோர் எழுத்தும் தடங்கலில்லாமல்.

பூனை.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஜீப் சாவியை எடுத்துக் காட்டினார்.

"இதத்தான் காட்டினேன். பூன கீனயெல்லாம் இல்ல. உன்னாண்ட பொய் சொன்னேன்."

சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேஜு வந்து சாவியை வாங்கி ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா நான் மக்கு இல்ல. அதை எழுதியதும் நான்தான். பதினோரு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம்.

அழவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது.

பலகையை உடைக்கத் தூக்கினேன். மு. பிடுங்கிக்கொண்டார். "போடாத. பொய்யோ நெஜமோ, இதான் என்னை நைனான்னு கூப்ட்டுது." ஜீப்பில் கொண்டுபோய் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

மு. சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே:

"அப்ப 'கத்தாத'ன்னு சொன்னது நீயா?"

"நான்தான் போல."

"வாயால சொல்லியிருக்கலாமில்ல?"

எத்தனை தடவை வாயால் சொன்னேன் என்று கேட்டேன். தட்டை என் பக்கம் நகர்த்தி, "சரி. இனிமேவும் கத்தல" என்றார். மோர் ஊற்றினேன்.

ஜூலை 6, ஞாயிறு

தேஜுவோடு சித்தூர். கூட்டத்துக்கு முன்னாலேயே மேடத்தின் வீட்டுக்குப் போய்விட்டேன். போனில் சொல்லத் தைரியமில்லாததால் இல்லை. போனில் சொல்வது மரியாதை இல்லை.

எல்லாம் சொன்னேன். பல், வெல்லம், ஆட்டுக்குட்டி, சாவி.

மேடம் கோபப்படவில்லை. "சோதனை வெச்சா அதுங்க பயந்துடும் கௌரி. நம்பாத கையில அதுங்க பேசாது."

"பேசுச்சு மேடம். தடங்கலில்லாமப் பேசுச்சு. பூனைன்னு. நான் நெனச்சது."

பக்கத்தில் அவர் மகன். மீசை வைத்த பெரிய ஆள். விரலால் சோபாக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "நீங்க ஒரு வாட்டி செஞ்சு பாருங்க மேடம். நான் அவருக்கு ஏதாவது காட்டறேன், நீங்க வெளிய இருங்க."

மேடம் மகனைப் பார்த்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"போன வருசம் என் வீட்டுக்காரர் செத்தப்ப, 'அம்மா நான் இருக்கேன்'னு இவன் எழுதினான். அத என்கிட்டருந்து எடுக்காத."

என்னால் எடுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். பொய் சொல்லிச் சம்பாதிக்கிறவர் என்றால் சண்டை போட்டிருப்பேன். அவர் அப்படி இல்லை.

ஆனால் மேடையில் பல் விஷயத்தைச் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அழைத்தவர் அவர், மைக்கும் அவருடையது. அதனால் மேடை ஏறவில்லை.

மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். முன்னால் இருந்த பெண்ணிடம் சொன்னேன், பின்னால் இருந்தவளிடம் சொன்னேன், பந்தியில் எதிரே உட்கார்ந்தவரிடம் சொன்னேன். "கொழந்த அடிச்சிக்கினா மொதல்ல வாயத் தொறந்து பாருங்க. காதப் பாருங்க, வயித்த அமுக்கிப் பாருங்க. பலகையக் கேக்காதீங்க." ஒருத்தி இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். ஒரு ஆள், "உங்களுக்கு வரலன்னா எங்களுக்கும் வராதா?" என்றார். நகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் அங்கேயே, சாம்பார் கையைத் துடைத்துவிட்டு மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் இல்லை. புத்தலப்பட்டு வரை தேஜு கத்தல். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 9, புதன்

திருப்பதி ஆஸ்பத்திரி. காலையிலிருந்து என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை. ஸ்ரவந்தியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "நீங்க சொன்னத செஞ்சு பாத்தேன்" என்றேன், அவ்வளவுதான்.

'அப்பவே சொன்னேனே' என்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு படம் போட்ட அட்டைகள். சோறு, தண்ணி, வெளியே, வலி, போதும். தேஜு என்னவெல்லாம் செய்வாள் என்று முதலில் கேட்டுக்கொண்டாள்: கையைப் பிடித்து இழுப்பது, தட்டைத் தள்ளுவது, கன்னத்தில் வைப்பது. "அதெல்லாமும் பேச்சுதாம்மா. அதுக்கு மேலதான் இத வெக்கறோம்."

ஒரு நிபந்தனை. அவள் கையைப் பிடித்து நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும்.

"எப்ப வரும் மேடம்?"

"மாசக்கணக்காகும். வாய்ப்பேச்சு வராமயே போனாலும் போகும். பொய் சொல்ல மாட்டேன்."

"பரவால்ல. ஆவட்டும்."

தேஜு அட்டைகளை எல்லாம் விசிறி அடித்தாள். பொறுக்கினோம். மறுபடி அடித்தாள். மறுபடி பொறுக்கினோம்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்றுமில்லை. 'தண்ணி' அட்டையை மென்றுவிட்டாள். அவள் எதிரில் உட்காரும்போது என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் தானாகப் போய்விடுகிறது.

மு. 'வெளியே' அட்டையைப் பார்த்து, "இதுல ஜீப் படம் போட்டா வருவா" என்றார். மதியம் தன் ஜீப்பையே போட்டோ எடுத்து அனுப்பினார். பிரிண்ட் போட வேண்டும்.

பள்ளிக்குத் திங்கள் முதல் அனுப்புகிறேன் என்று ஹெச்.எம்.மிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "சரிம்மா" என்றார். இந்தச் 'சரிம்மா' வேறு மாதிரி இருந்தது.

ஜூலை 14, திங்கள்

தூறல். சீருடை சரியாகக் காயவில்லை, இஸ்திரி போட்டே காயவைத்தேன். வேன் வரும் நேரம் நெருங்கிவிட்டது, இரட்டை ஜடை, தேஜு நெளிகிறாள், நான் இழுத்துப் பிடித்து வாருகிறேன். ஒரு பக்கம் முடிந்தது. மறு பக்கம் பிரித்துச் சீப்பை வைத்தேன்.

கையை நீட்டினாள். கட்டிலில் கிடந்த அட்டைகளில் ஒன்றைத் தள்ளினாள், இன்னொன்றைத் தள்ளினாள். ஒன்றை எடுத்தாள். எடுத்து, சீப்பின் மேல் வைத்து அழுத்தினாள்.

போதும்.

என் இரண்டு கையும் அவள் முடியில்தான் இருந்தன. நான் தொடவில்லை. நினைக்கவும் இல்லை, நான் நினைத்ததெல்லாம் ரிப்பன் எங்கே என்றுதான்.

வேன் ஹாரன் அடித்தது. இன்னும் பாதி முடி விரிந்து கிடக்கிறது, ஆயாம்மா என்ன நினைப்பார், ஹெச்.எம். என்ன நினைப்பார்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒற்றை ஜடையோடு வேனில் ஏறிப் போனாள்.